என் கைதான் பூஜ்யம்

1998 ஜூன் 16, செவ்வாய். எண் 41.

பேராசிரியர் வைகுண்டம் புது ஆராய்ச்சியைத் தொடங்கிவிட்டார். எனக்கு ஒரு நோட்டுக் கொடுத்திருக்கிறார். முந்தின நாள் எத்தனை மணி நேரம் தூங்கினேன், காப்பி குடித்தேனா, எண் என்ன, இவ்வளவுதான் அதில் எழுத வேண்டும். வேறு ஒரு வார்த்தையும் கூடாதாம். கூடாது என்று சொன்ன பிறகுதான் எனக்கு எழுத ஆசை வந்தது. அதனால் இந்தச் சொந்த டைரி.

நான் உளவியல் துறையில் ஆய்வக உதவியாளர். பதினோரு வருடம் ஆகிறது. இங்கே ஒரு வேர்வை மெஷின் உண்டு. விரலில் இரண்டு மோதிரம் மாட்டினால், கையில் ஊறும் வேர்வையைக் கணக்குப் பார்த்து முள் ஏறும். பயந்தவருக்கு அதிகம் ஏறும், அமைதியானவருக்கு ஏறாது. தினமும் காலையில் முதல் வேலையாக முள்ளைப் பூஜ்யத்தில் நிறுத்த வேண்டும். அதற்கென்று பெட்டிக்குள் ஒரு பாகம் இருந்தது. நாலு வருடத்துக்கு முன்னால் இடி விழுந்து அது கருகிவிட்டது. புதிது கேட்டு எழுதிய கடிதத்துக்கு இன்னும் பதில் இல்லை. அன்றைக்குப் பேராசிரியர் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, "செண்பகம், நீ வந்து கைய வையி" என்றார். வைத்தேன். அன்றிலிருந்து என் கைதான் பூஜ்யம். ஒன்பது மணிக்கு மோதிரத்தை மாட்டிக்கொண்டு பத்து நிமிடம் சும்மா உட்காருவேன். முள் பூஜ்யத்துக்கு வரும் வரை குமிழைத் திருகி, குமிழ் நின்ற எண்ணை எழுதுவேன். நாற்பது, நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு. அதைத் தாண்டியதில்லை. வருகிற விருந்தாளிகளிடமெல்லாம் "ஜில்லாவிலேயே அமைதியான கை" என்று பேராசிரியர் என்னைக் காட்டுவார். எனக்கும் கொஞ்சம் தலைக்கனம்தான்.

மனம் ஒரு குரங்கு என்று அவரிடம் சொல்லிவிடக் கூடாது. எத்தனை தடவை தாவியது, எண்ணினாயா என்று கேட்பார்.

இந்தத் தடவை பரீட்சைப் பயம். முதல் வருடப் பிள்ளைகள் எண்பது பேர். நாற்பது பேருக்கு எட்டு வாரம் மூச்சுப் பயிற்சி. மீதி நாற்பது பேருக்கு ஒன்றும் கிடையாது. முன்னால் ஒரு தடவை, பின்னால் ஒரு தடவை, மணி அடித்துக் கேள்வித்தாளைக் கையில் கொடுத்து முள்ளைப் பார்க்க வேண்டும். ஆராய்ச்சி மாணவி ஜெபசீலிதான் எல்லாம் பார்க்கிறாள். பத்தமடைக்காரி. நான் சேரன்மகாதேவியில் ஏறும் பஸ்ஸில் அவள் பத்தமடையில் ஏறுவாள். அந்த பஸ்ஸை ஒருநாள் விட்டு ஒருநாள் ஓட்டுவது என் வீட்டுக்காரர் ஆறுமுகநயினார். மறுநாள் கொம்பையா. இன்றைக்கு இவர் முறை. டிரைவருக்குப் பின் சீட்டில் சவாரி செய்கிற ராஜாத்தி நான்.

ஜூன் 27, சனி. எண் 41.

முன் சோதனை முடிந்தது. பிள்ளைகள் நடுங்குகிற நடுக்கத்தில் முள் பாதிக்கு மேல் ஏறுகிறது. பாவமாக இருந்தது.

ஜூலை 5, ஞாயிறு.

இடியாப்பம். இவர் சாப்பிட்டுக்கொண்டே இருந்தவர் நிறுத்திவிட்டார். கை தட்டில் நிற்கிறது, கண் என்னைத் தாண்டி எங்கேயோ பார்க்கிறது, உதடு மட்டும் எதையோ சுவைப்பதுபோல் அசைகிறது. இன்னும் ரெண்டு வைக்கட்டுமா என்று மூன்று தடவை கேட்டேன். பழக்க தோஷம், மனதுக்குள் எண்ணிக்கொண்டே இருந்தேன். முப்பத்தைந்தில் திரும்பி வந்தார். "என்ன பாக்க?" என்றார். யோசனையில் இருந்தாராம். இருக்கும். இருபத்திரண்டு வருடமாக வண்டி ஓட்டுகிறவருக்கு யோசனைக்கா பஞ்சம்.

ஜூலை 8, புதன். எண் 46.

வெயில்.

ஜூலை 14, செவ்வாய். எண் 57.

காலையில் இவர் ஓட்டிய வண்டியில் வந்தேன். பத்தமடை தாண்டி வாய்க்கால் வளைவு வந்தது. வலது பக்கம் சாலை ஒடிந்து திரும்பும், நேரே வாய்க்கால். வண்டி ஒடியவில்லை. நான் தலைக்கு மேலிருந்த கண்ணாடியைப் பார்த்தேன். அதில் இவர் உதடு அசைந்துகொண்டிருந்தது.

கண்டக்டர் மாசானம் "அண்ணாச்சி" என்று கத்தினான். சக்கரம் மண் ஓரத்தில் ஏறிக் குலுங்கியது. இவர் ஸ்டியரிங்கை ஒடித்துவிட்டார். எருமை குறுக்கே வந்தது என்று யாரோ சொன்னார்கள். நானும் பார்த்தேன் என்று இன்னொருவர் சொன்னார். எருமையே இல்லை. ஜெபசீலி என் கையைப் பிடித்துக்கொண்டாள். வண்டியில் அறுபது பேர் இருந்தோம்.

சாயங்காலம் கேட்டேன். கதவைச் சாத்திவிட்டுத்தான் பேசினார். மூன்று மாதமாக இருக்கிறதாம். எப்போதாவது ஒரு நொடி விட்டுப்போகுமாம். ஒரு நொடியா என்றேன். கோபப்படவில்லை, அதுதான் பயமாக இருந்தது.

"ஒருத்தர்ட்டயும் மூச்சு விடக் கூடாது. வண்டிய விட்டா நான் யாரு, சொல்லு. உமையா மேல சத்தியம் பண்ணு."

உமையாள் எங்கள் ஒரே மகள், மதுரையில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். பண்ணினேன்.

ஜூலை 16, வியாழன். எண் 52.

பஸ் குலுக்கலில் இடுப்பு வலி. அதனால் ரயிலில் வந்தேன்.

ஜூலை 17, வெள்ளி. எண் 43.

கொம்பையா வண்டி. பஸ்ஸில் வந்தேன். இடுப்பு பரவாயில்லை.

ஆகஸ்ட் 3, திங்கள். எண் 55.

ரயில். மோதிரம் மாட்டுவதற்கு முன்னால் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். முந்தானையில் துடைத்தேன். மறுபடி ஈரம். இவர் வண்டி எட்டு நாற்பதுக்கு ஊருக்குள் வந்து ஒன்பதுக்குத் திரும்பக் கிளம்பும். நான் பூஜ்யமாக உட்கார்ந்திருக்கும் அந்தப் பத்து நிமிடமும் அவர் வளைவைப் பார்த்துப் போய்க்கொண்டிருப்பார். அமைதியாக இருக்க வேண்டும் என்று நினைத்தேன். நினைத்தால் அமைதி வருமா? கண்ணை மூடினால் கண்ணாடியும் உதடும் வருகிறது.

நோட்டில் எழுதியது: தூக்கம் ஏழு மணி நேரம். தூங்கியது இரண்டு.

ஆகஸ்ட் 4, செவ்வாய். எண் 44.

ஜெபசீலி பஸ்ஸில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அண்ணாச்சி வண்டியில் வந்தால் நேரத்துக்கு வந்துவிடலாம், கொம்பையா அண்ணன் ஆமை என்று சிரித்தாள். நீங்க ஏன் நேத்து வரலை என்று கேட்டாள். இடுப்பு என்றேன்.

ஆகஸ்ட் 9, ஞாயிறு.

இதுவரை நான் கண்ணால் பார்த்தது: ஜூலை 5, 14, 22, 29, ஆகஸ்ட் 2, 6, 9. எதற்கு எழுதி வைக்கிறேன் என்று தெரியவில்லை. துறையில் இருந்து இருந்து வந்த வியாதி. எதையும் தேதி போட்டு எழுதினால் அது கொஞ்சம் அடங்கிவிடும் என்று ஒரு நினைப்பு. அடங்கவில்லை. இடைவெளி குறைகிறது.

ஆகஸ்ட் 19, புதன். எண் 61.

கொம்பையா வீட்டில் காதுகுத்து. நேற்றும் இவரே ஓட்டினார். திங்கள், செவ்வாய், புதன், தொடர்ந்து மூன்று நாள். எண் 58, 60, 61. பதிலுக்குக் கொம்பையா நாளையிலிருந்து மூன்று நாள் ஓட்டுவார். அதை நினைத்ததும் முள் கொஞ்சம் இறங்கியது. நானே பார்த்தேன்.

பேராசிரியர் அந்தப் பக்கம் வந்தவர் குமிழைப் பார்க்கவேயில்லை. முள் பூஜ்யத்தில் நிற்கிறதா, நிற்கிறது, போய்விட்டார்.

ஆகஸ்ட் 29, சனி. எண் 56.

பின் சோதனை இன்றோடு முடிந்தது. பேராசிரியர் எல்லோருக்கும் லட்டு வாங்கி வந்தார். மூச்சுப் பயிற்சி செய்த பிள்ளைகளுக்குப் பயம் பாதிக்குப் பாதி குறைந்திருக்கிறதாம். டெல்லிக்குக் கட்டுரை அனுப்பப் போகிறார்.

ஜெபசீலி மட்டும் லட்டைக் கையிலேயே வைத்திருந்தாள். பயிற்சி இல்லாத நாற்பது பேருக்கும் அதே அளவு குறைந்திருக்கிறது என்றாள். பேராசிரியர் சிரித்தார். விடுதியில் ஒருத்தரைப் பார்த்து ஒருத்தர் கற்றுக்கொண்டிருப்பார்கள், நல்லது வேகமாகப் பரவும் என்றார். இவ்வளவு படித்தவர் தனக்கு வேண்டிய பதிலை வைத்துக்கொண்டு கேள்வியைத் தேடுகிறார் என்று எனக்கே தெரிந்தது. ஆனால் நான் எதற்கு வாயைத் திறக்க? மடியில் கனம் இருக்கிறவள் நான்.

என் லட்டைத் தாளில் மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

செப்டம்பர் 2, புதன். எண் 57.

ஜெபசீலி ஒரு விசித்திரத்தைக் கண்டுபிடித்திருக்கிறாள். பின் சோதனைக்கு ஒற்றைப்படைத் தேதியில் வந்த பிள்ளைகளெல்லாம் தைரியசாலிகள். இரட்டைப்படைத் தேதியில் வந்தவர்கள் முன்போலவே பயந்தாங்கொள்ளிகள். ஜாதகம் பார்த்து வந்தார்களா என்று பேராசிரியர் கேட்டாராம்.

ஆகஸ்ட் முழுக்க ஒற்றைப்படைத் தேதி இவர் முறை.

அவள் என் நோட்டைக் கேட்டாள். கொடுக்காமல் எப்படி? மூன்று மாத எண்களைக் கட்டம் போட்ட தாளில் புள்ளி வைத்துக் கோடிழுத்தாள். ஜூன் மாதம் தரைபோல் இருக்கிறது. ஜூலை பாதியிலிருந்து ரம்பப் பல். ஒருநாள் மேலே, ஒருநாள் கீழே. ஆகஸ்டில் ஓரிடத்தில் மூன்று நாள் மேலே, மூன்று நாள் கீழே.

அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டே நின்றேன். எனக்கு அவ்வளவாகப் பயமில்லை என்றுதான் இத்தனை நாள் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். யாருக்கும் தெரியாமல் வைத்திருந்ததை நானே தினமும் என் கையால் எழுதியிருக்கிறேன்.

ஜெபசீலிக்கு வேறு சந்தேகம். ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் மோட்டார் போடுவார்களாக்கும், கரண்டு ஏறி இறங்குகிறதாக்கும் என்று விசாரிக்கப் போனாள். கடவுளே, மோட்டாராக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். மோட்டாரிடம் போய் வேண்டுதல்.

செப்டம்பர் 4, வெள்ளி. எண் 58.

மோட்டார் தினமும் ஓடுகிறதாம். அந்தக் காரணத்தைத் தாளில் அடித்துவிட்டாள். அடுத்து என்னிடம் வந்தாள். "அக்கா, ஒருநாள் விட்டு ஒருநாள் உங்களுக்கு என்ன மாறுது?"

விரதம் என்றேன். எந்தச் சாமிக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் விரதம் என்று அவள் கேட்கவில்லை. தலையை ஆட்டிவிட்டுப் போனாள். மத்தியானம் நான் சோற்றுப் பாத்திரத்தைத் திறந்தபோது எதிரில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தாள். எலுமிச்சம்பழச் சாதம். ஆகஸ்டுக்கு முப்பத்தொரு நாள் என்பதால் செப்டம்பரில் இரட்டைப்படைத் தேதிதான் இவர் முறை, எண் அதிகமான நாள். அப்படியே மூடவும் முடியவில்லை, சாப்பிடவும் முடியவில்லை. முழுப் பூசணிக்காயை மறைக்க என்னிடம் அந்தச் சோறுதான் இருந்தது. சாப்பிட்டேன்.

செப்டம்பர் 6, ஞாயிறு.

இவருக்கு டூட்டி. அவர் கிளம்பும்போது வாசலில் நின்றேன். நான் ரயிலில் போகிறேன். என் இடுப்பைக் காப்பாற்றிக்கொண்டேன். ஜெபசீலி தினமும் அதில்தான் ஏறுகிறாள். பள்ளிக்கூடத்துப் பெண் பிள்ளைகள் ஏறுகிறார்கள். பூக்காரி ஏறுகிறாள். நான் மட்டும் ரயிலில் போகிறேன். இடுப்பு வலிக்கவில்லை. ஒருநாளும் வலித்ததில்லை.

எழுதிவிட்டேன். கிழிக்கப் போவதில்லை.

செப்டம்பர் 7, திங்கள். எண் 45.

பேராசிரியர் ஊரில் இல்லை. எண் எடுத்து முடித்ததும் மோதிரத்தைக் கழற்றப் போனேன். ஜெபசீலி கொஞ்சம் இருக்கச் சொன்னாள். இருபது சீட்டுகளில் இருபது வார்த்தை எழுதி வைத்திருந்தாள்.

"நான் வாசிப்பேன். நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். பிடிக்கலைன்னா கைய எடுத்துருங்க அக்கா. நான் ஏன்னு கேக்க மாட்டேன்."

எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. ஏன் என்று நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

சீப்பு. தேங்காய். மழை. நாற்காலி. முள் தூங்கிக்கொண்டிருந்தது. விரதம் என்று ஒரு சீட்டு. அதற்கும் அசையவில்லை. சிரிப்பு வந்திருக்கும், வேறு நாளாக இருந்தால். பிறகு பஸ் என்றாள். முள் விருட்டென்று எழுந்தது. அது இறங்கும் வரை காத்திருந்தாள். விளக்குமாறு, உப்பு, கொடி. வாய்க்கால் என்றாள். முள் கடைசி வரை போய்க் கட்டையில் முட்டி நின்றது.

ஒரு தடவை நடந்தால் தற்செயல் என்று பேராசிரியர் சொல்லிக்கொடுத்திருக்கிறார். அவள் சீட்டுகளைக் குலுக்கி இரண்டாம் தடவை வாசித்தாள். மூன்றாம் தடவையும் வாசித்தாள். மூன்று தடவையும் அதே இரண்டு சீட்டுக்குத்தான். வாய்க்கால் சீட்டு வரும்போதெல்லாம் அவளும் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். ஜூலை 14 அன்று அவளும் அந்த வண்டியில்தானே இருந்தாள்.

அண்ணாச்சி ஓட்டும் நாளில் மட்டும் நான் பஸ்ஸில் இருப்பதில்லை என்று அவள் முன்பே எண்ணி வைத்திருக்கிறாள். "அன்னைக்கு எரும வரலை, இல்லையா அக்கா?"

சத்தியம் பண்ணியது என் நாக்கு. கை பண்ணவில்லை. அதுதான் சொல்லிக்கொடுத்துவிட்டது. அதற்கு மேல் நாக்கை வைத்துக்கொண்டு என்ன செய்ய? எல்லாவற்றையும் சொன்னேன். இடியாப்பத்தில் தொடங்கி நேற்று வரை. பத்துத் தேதிகள். ரயிலையும் சொன்னேன். அதைச் சொல்லும்போதுதான் அழுதேன்.

அவள் எனக்குப் புத்தி சொல்லவில்லை. நாளைக்குத் தேதி எட்டு, அண்ணாச்சி முறை என்று மட்டும் சொன்னாள்.

சாயங்காலம் வண்டி முதலாளி வீட்டில் இறங்கினேன். தேதிகளை வாசித்தேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். கடைசியில், நாளைக்குக் கொம்பையாவைப் போடுகிறேன், டாக்டர் எழுதிக்கொடுக்கும் வரை நயினார் ஸ்டியரிங்கைத் தொட வேண்டாம் என்றார்.

வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். "முதலாளிட்ட சொல்லிட்டுத்தான் வாரேன். உமையாளுக்கு ஒண்ணும் ஆகாது. ஆனா என்ன ஏசணும்னா ஏசிருங்க."

ஏசவில்லை. கொடியில் காய்ந்துகொண்டிருந்த காக்கிச் சட்டையை எடுத்தார். இன்னும் ஈரம் போகவில்லை. அப்படியே நாலாக மடித்துப் பெட்டியில் வைத்து மூடினார்.

செப்டம்பர் 8, செவ்வாய்.

வண்டி தெருமுனையில் ஆரன் அடித்தபோது இவர் எழுந்து நின்றார், பிறகு உட்கார்ந்துவிட்டார். கட்டின கை கட்டினபடி இருந்தது.

இன்று எண் எடுக்கவில்லை. திரும்பி வந்த பேராசிரியரிடம் ஜெபசீலி ரம்பத் தாளைக் காட்டினாள். என்ன காரணம் என்பதை நானே சொன்னேன். பயிற்சி பலித்ததல்ல, என் கை வேர்த்துப் பூஜ்யம் மேலே ஏறியது, அதனால் பிள்ளைகளின் பயம் கம்மியாகத் தெரிந்தது, அவ்வளவுதான் என்று. வேலை போகும் என்று நினைத்தேன். கத்துவார் என்று நினைத்தேன். வெகுநேரம் அந்தத் தாளின் ஜூன் மாதத்துத் தரைக்கோட்டையே விரலால் தடவிக்கொண்டிருந்தார்.

"நாலு வருஷம்மா. இந்த ஜூலைக்கு முன்னாடியாவது உன் கை உண்மையான பூஜ்யமா இருந்துச்சா?"

எனக்குத் தெரியவில்லை, தெரியவில்லை என்றே சொன்னேன். மாமியார் கிடையில் கிடந்த வருடம் ஒன்று உண்டு. உமையாளின் முதல் பிரசவம் ஒன்று உண்டு. அப்போதெல்லாம் நாற்பத்தொன்றுதான். அது அமைதியா, பழகிப்போன பயமா, யார் கண்டது. அவர் டெல்லிக்கு எழுதியதைத் திரும்பக் கேட்டு ஒரு கடிதம் எழுதினார். கருகிய பாகத்தைக் கேட்டு இன்னொரு கடிதம். இரண்டையும் தபாலில் போட என்னிடமே கொடுத்தார்.

செப்டம்பர் 11, வெள்ளி.

நாலு நாளாக இவர் என்னிடம் பேசவில்லை. சோறு வைத்தால் சாப்பிடுகிறார். முன்னே வளைவுக்குப் பயந்தேன், இப்போது என் வீட்டுக்குள் பயப்படுகிறேன். இருபத்திரண்டு வருடமாக இவரைத் தூக்கி நிறுத்திய ஒன்றை நான் உருவிவிட்டேன். திங்கட்கிழமை நரம்பு டாக்டரிடம் நாள் வாங்கியிருக்கிறது. வருவாரா என்று கேட்கத் தைரியமில்லை. டாக்டர் சீட்டை இவர் சட்டைப்பையில் வைத்துவிட்டேன்.

செப்டம்பர் 14, திங்கள்.

காலையில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். அதுதான் பதில்.

கொம்பையா வண்டி. மாசானம் டிக்கெட் கொடுக்காமல் தாண்டிப் போகப் பார்த்தான். இவர் கையை நீட்டி வாங்கிக்கொண்டார். டிரைவருக்குப் பின் சீட்டில் உட்கார்ந்தோம், இவர் ஜன்னல் ஓரம். இந்த வண்டியில் நாங்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வருவது இதுதான் முதல் தடவை. கொம்பையா மெதுவாகத்தான் ஓட்டினார். இவர் வலது கால் அவ்வப்போது பிரேக்கை மிதிப்பதுபோல் தரையை அழுத்திக்கொண்டிருந்தது. பத்தமடையில் ஜெபசீலி ஏறினாள். எங்களைப் பார்த்துவிட்டுப் பின்னால் போய் உட்கார்ந்தாள்.

வளைவுக்குக் கொஞ்சம் முன்னால் அந்தக் கால் நின்றுவிட்டது. திரும்பிப் பார்த்தேன். கண் கண்ணாடியைத் தாண்டி எங்கேயோ பார்க்கிறது. உதடு அசைகிறது. வலது கை முன் சீட்டுக் கம்பியைத் தடவித் தடவி ஆரனைத் தேடுகிறது. நான் எண்ண ஆரம்பித்தேன். பன்னிரண்டில் வளைவு வந்தது. கொம்பையா ஒடித்தார். இடது பக்கம் வாய்க்கால் நிறையத் தண்ணீர், வெயிலில் மின்னிக்கொண்டு போனது. பூக்காரி யாரிடமோ கதம்பத்தின் நீளத்துக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். நாற்பத்தெட்டில் இவர் திரும்பி வந்தார்.

வெளியே பார்த்தார். ஆலமரமும் செங்கல் சூளையும் தெரிந்தன. அவருக்குத் தெரியாத சாலையா?

"வாய்க்கா வளைவு வந்துட்டா?"

"தாண்டியாச்சு."

இவர் பின்னால் திரும்பி வண்டி முழுக்க ஒரு தடவை பார்த்தார், ஒவ்வொரு சீட்டாக. பிறகு நாலு பேர் பார்க்கிற இடம் என்றும் பாராமல் என் கையைப் பிடித்தார்.

அவர் கை சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. நான் கையை எடுக்கவில்லை.